பேய் வந்தால் துப்பு போய்விடுமா? கலப்பு ஜானர் மர்மக் கதைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

துப்பறியும் தொடர் ஒன்றில் ஆவியோ கால இயந்திரமோ தலைகாட்டினால் போதும், இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். "மாயம் வந்தாச்சு, இனி எது வேணாலும் நடக்கலாம், இதில் துப்பறிய என்ன இருக்கு?" என்று ஒரு கூட்டம் ஒதுக்கிவிடும். "ஜானர் கலப்பு சார், லாஜிக் பார்க்காமல் அனுபவிக்கணும்" என்று இன்னொரு கூட்டம் வக்காலத்து வாங்கும். அடித்துக்கொள்கிறார்களே தவிர, இரு தரப்புக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: மாயம் நுழைந்த இடத்தில் தர்க்கம் வேலை செய்யாது.

அது சரியில்லை. உருப்படியான கலப்பு மர்மக் கதையில், அதாவது துப்பறியும் கதையோடு பேய்க்கதை, அறிவியல் புனைவு போன்ற இன்னொரு ஜானர் (கதை வகை) சேர்ந்த கதையில், தர்க்கம் சாதாரணத் துப்பறியும் கதையைவிடக் கறாராக இருக்கும். இல்லையென்றால் கதை நிற்காது. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். வழியில் சில கதைகளின் முடிச்சுகளைத் தொட வேண்டியிருக்கிறது. முடிவை உடைக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

## வாசகரோடு ஓர் ஒப்பந்தம்

துப்பறியும் கதையைப் பிரித்துப் போட்டால் மூன்று உறுப்புகள் கிடைக்கும். ஒரு கேள்வி: யார் செய்தது, எப்படிச் செய்தது. அந்தக் கேள்விக்கு விடை இருக்கும் திசையைக் காட்டும் சின்னச் சின்ன உண்மைகள், அதாவது தடயங்கள். கடைசியில் அந்தத் தடயங்களிலிருந்து பிறக்கும் விடை.

இதில் உயிர்நாடி 'பிறக்கும்' என்பதுதான். விடை வெளியிலிருந்து வந்து விழக் கூடாது. கடைசிப் பக்கத்தில், அதுவரை கதையிலேயே வராத ஒரு மைத்துனன் வந்து "நான்தான் கொன்றேன்" என்றால் புத்தகத்தைத் தூக்கி எறியத் தோன்றும். வாசகர் கவனமாகப் படித்திருந்தால் துப்பறிவாளரோடு சேர்ந்து தானும் விடையை எட்டியிருக்க முடியும் என்ற நிலைக்கு 'நேர்மையான ஆட்டம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த நேர்மையைச் சட்டமாகவே எழுதிப் பார்த்த காலம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பாதிரியாராகவும் துப்பறியும் கதாசிரியராகவும் இருந்த ரொனால்ட் நாக்ஸ், 1929-இல் பத்துக் கட்டளைகள் போட்டார். அமானுஷ்ய சக்திகளுக்கு இடமில்லை. ஒரு கதைக்கு ஒரு ரகசிய அறைக்கு மேல் கூடாது. தற்செயலோ, விளக்க முடியாத உள்ளுணர்வோ துப்பறிவாளருக்குக் கைகொடுக்கக் கூடாது. அவர் கண்ணில் படும் தடயம் உடனே வாசகர் முன்பும் வைக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய 'டிடெக்‌ஷன் கிளப்' என்ற எழுத்தாளர் சங்கத்தில், மந்திர தந்திரங்களையும் தற்செயலையும் நம்பி முடிச்சவிழ்க்க மாட்டோம் என்று உறுப்பினர்கள் சத்தியப்பிரமாணமே செய்தார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

ஆக, பேய்க்கும் துப்பறியும் கதைக்கும் ஆகாது என்ற எண்ணம் நேற்று முளைத்ததில்லை. ஆனால் நாக்ஸ் ஏன் பேயை வெளியே தள்ளினார் என்று யோசித்தால் ஒரு விஷயம் பிடிபடும். பேயால் என்ன முடியும், என்ன முடியாது என்பது வாசகருக்குத் தெரியாது. பூட்டிய அறைக்குள் பேய் போகுமா? கத்தி பிடிக்குமா? பொய் சொல்லுமா? இது எதுவும் தெரியாமல் யூகிக்கச் சொன்னால் அது மோசடி. அப்படியென்றால் முன்கூட்டியே தெரியப்படுத்திவிட்டால்? கலப்பு ஜானர் முழுவதும் நுழைந்து வந்தது இந்த ஓட்டை வழியாகத்தான்.

## பலகையில் ஒரு புதுக் காய்

சதுரங்கப் பலகையில் ஒட்டகச்சிவிங்கி என்று ஒரு புதுக் காயை வைத்துக்கொண்டு ஆடலாம் என்கிறார் நண்பர். எப்படி நகரும் என்று கேட்கிறீர்கள். "நேராக நாலு கட்டம், பக்கவாட்டில் ஒன்று. எந்தக் காயையும் தாண்டலாம். ஆனால் ராஜாவை வெட்ட முடியாது" என்கிறார். சரி, ஆடலாம். சொல்லப்போனால் பழைய ஆட்டத்தைவிட மூளைக்கு வேலை அதிகம். அதே நண்பர் காய் பற்றி வாயே திறக்காமல், தோற்கப்போகும் நேரத்தில் மட்டும் "இது பறக்கும்" என்று உங்கள் ராஜாவைத் தூக்கினால் அதற்குப் பெயர் ஆட்டமில்லை. ஒட்டகச்சிவிங்கியில் தப்பு எதுவும் இல்லை, அது எப்படி நகரும் என்று சொன்ன நேரம்தான் தப்பு.

கதையில் வரும் ஆவி, மந்திரம், ரோபோ, கால இயந்திரம் எல்லாம் இந்தப் புதுக் காய்கள். அவற்றின் நகர்வுகளை 'உலக விதி' எனலாம்: அந்தக் கதையின் உலகத்தில் மட்டும் உண்மையாக இருக்கும், யாராலும் மீற முடியாத நியதி. எழுத்தாளர் அதைத் தேவைப்படுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கூடவே அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். 'என்ன முடியாது' என்பதுதான் 'என்ன முடியும்' என்பதைவிடத் துப்பறிய உதவும்.

## நிழல் தங்கும் உலகம்

வெறும் கொள்கையாகச் சொன்னால் ஒட்டாது. ஒரு குட்டிக் கதையை நாமே கட்டிப் பார்ப்போம்.

உலக விதி இது: ஒருவர் எங்கே இறக்கிறாரோ அங்கேயே அவருடைய நிழல் விடியும்வரை தங்கும். வெளிச்சம் பட்டால்தான் கண்ணுக்குத் தெரியும்.

இதைப் பாடம் மாதிரி சொன்னால் வாசகர் உஷாராகிவிடுவார். அதனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு விடுதி மேலாளரைப் புலம்ப விடுகிறோம். "பன்னிரண்டாம் நம்பர் அறையில் ஒருத்தர் மாரடைப்பில் போயிட்டார். உடம்பை உடனே எடுத்தாச்சு. ஆனா நிழல் இருக்கே! விடியற வரைக்கும் எவன் அங்கே தங்குவான்? விளக்கை அணைச்சுட்டுப் படுங்கன்னாலும் கேட்க மாட்டேங்கறாங்க." வாசகர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். விதியும் அதன் எல்லையும் அந்தப் புலம்பலுக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கின்றன.

பத்தாம் பக்கத்தில் ஒரு பணக்கார வீட்டுப் படுக்கையறையில் கத்திக்குத்துப் பட்ட உடல். பின்னிரவு. விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. எல்லோரும் உடலைப் பார்க்க, நம் துப்பறிவாளர் மட்டும் சுவரைப் பார்க்கிறார். வெறும் சுவர், நிழலே இல்லை. அப்படியென்றால் கொலை இங்கே நடக்கவில்லை. வேறெங்கோ கொன்று இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

வீடு முழுக்க டார்ச் அடித்துத் தேடலாம்தான். ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு உறவினர்கள் மறிக்கிறார்கள், விடிய இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. அப்போது வேலைக்காரப் பையன் போகிறபோக்கில் சொன்ன ஒன்று அவருக்கு நினைவு வருகிறது: கார் ஷெட்டில் நேற்றுதான் புது பல்ப் மாட்டினேன், ராத்திரி பார்த்தால் ஹோல்டர் காலி. பல்பை யார் திருடுவார்கள்? நிழல் தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்தான். கொலையாளிக்கும் உலக விதி தெரியும் அல்லவா!

இங்கே காணாமல்போன பல்ப் சாதாரண உலகத்தில் தடயமே இல்லை. மாயம் கலந்ததால்தான் அது தடயமானது. மாயம் தர்க்கத்தை விழுங்கவில்லை, தர்க்கத்துக்குப் புது வேலை கொடுத்திருக்கிறது. அதோடு, குற்றவாளி முதற்கொண்டு எல்லோரும் அந்த விதிக்குள்தான் வாழ்கிறார்கள், அதற்கேற்பத் திட்டம் போடுகிறார்கள். பலவீனமான கலப்புக் கதைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஆவி பேசும் உலகத்தில் கொலைகாரன் ஆவியைப் பற்றி யோசிக்காமலே கொன்றிருப்பான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: துப்பறியும் கதை வாசகரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். அமானுஷ்யம் அதை முறிப்பதில்லை, கடைசி நிமிடத்தில் வந்து சேரும் விதிதான் முறிக்கிறது. விதியும் அதன் எல்லையும் முன்பே தெரிந்தால் மாயமே தடயமாகிவிடும்.

## இரண்டு விதிகள் மோதும்போது

அறிவியல் புனைகதையில் துப்பறியும் கதை எழுதவே முடியாது என்று அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் வாதிட்டிருக்கிறார். எதிர்காலக் கருவி ஒன்றை எடுத்துத் தட்டினால் குற்றவாளி யார் என்று வந்துவிடுமே! அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் அதற்குப் பதிலாக எழுதியதுதான் 1954-இல் நூலாக வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்'. அதில் துப்பறிபவர் போலீஸ்காரர், அவருக்குத் துணை மனிதனைப் போலவே இருக்கும் ஒரு ரோபோ.

அசிமோவ் பலகையில் வைத்த காய்கள் இரண்டு. ஒன்று, ரோபோவால் மனிதனுக்குத் தீங்கு செய்ய முடியாது. மற்றொன்று, கூரை போட்ட நகரங்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமிவாசிகளுக்குத் திறந்தவெளி என்றாலே உதறல் எடுக்கும், அதைத் தனியாகக் கடக்க மாட்டார்கள். கொலை நடந்த இடத்துக்கு ஆயுதம் போக வேண்டுமென்றால் திறந்தவெளி வழியாகத்தான் போயிருக்க முடியும். மனிதனால் கடக்க முடியாது, கடக்கக்கூடிய ரோபோவால் கொல்ல முடியாது. அப்புறம் எப்படி?

விடையை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த இரண்டு விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களே அதை எட்டிவிடலாம். எந்த மந்திரக் கருவியும் தேவையில்லை. கேம்ப்பெல்லுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

## பேய் நிஜமா, வேஷமா?

எல்லாக் கலப்புக் கதைகளும் பேயை ஒத்துக்கொள்வதில்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றும் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' 1901-02-இல் பத்திரிகைத் தொடராக வந்தபோது, பரம்பரைச் சாபம், நெருப்புக் கக்கும் நாய் என்று முழுக்கப் பேய்க்கதை உடுப்பில்தான் நடந்தது. ஆனால் ஹோம்ஸின் உலகத்தில் கடைசியில் பேய்க்கு வேலை இருக்காது என்று வாசகருக்குத் தெரியும்.

1910-இல் பத்திரிகையில் வரத் தொடங்கிய வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் கார்னாக்கி கதைகள் இன்னும் குறும்பானவை. கார்னாக்கி ஆவிகளைத் துப்பறிபவர், கேமராவும் மின்சார விளக்குகளால் ஆன காப்பு நட்சத்திரமும் கொண்டு வேலை செய்பவர். சில வழக்குகளில் ஆவி நிஜம், சிலவற்றில் மனிதத் தில்லுமுல்லு, சிலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். அதனால் ஒவ்வொரு கதையிலும் 'யார் செய்தது' என்பதற்கு முன்னால் 'நான் எந்த ஜானருக்குள் இருக்கிறேன்' என்பதே வாசகரின் முதல் மர்மமாகிவிடுகிறது. தமிழில் இதே தந்திரத்தை ரசிக்க வேண்டுமென்றால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இருக்கிறது. ஆவியா, விஞ்ஞானமா என்ற இழுபறியில் கணேஷும் வசந்தும் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் அந்த நாவலின் ருசியே.

## விசித்திரம் குணத்தில் இல்லை, முறையில்

அடுத்த குழப்பம் 'வித்தியாசமான துப்பறிவாளர்' என்பது பற்றியது. சாப்பாட்டு விநோதம், கிழிந்த கோட்டு, தூங்காத கண்கள் என்று நாலு பழக்கங்களை ஒட்டிவிட்டால் வித்தியாசம் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் விநோதம் இந்த வகைக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. எட்கர் ஆலன் போ 1841-இல் படைத்த டுபான், பகலில் ஜன்னல்களை அடைத்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஹோம்ஸ் வீட்டுச் சுவரில் துப்பாக்கியால் சுட்டுப் பழகுவார். இதெல்லாம் அலங்காரம். கைரேகை, சாம்பல், காலடி என்று அவர்கள் நம்பும் சான்றுகள் உங்களுக்கும் எனக்கும் சான்றுகளே.

உண்மையான வித்தியாசம், துப்பறிவாளர் எதைச் சான்றாக ஏற்கிறார் என்பதில் இருக்கிறது. 2007-இல் வந்த 'புஷிங் டெய்சீஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நெட் என்ற, 'பை' (pie) எனும் பழப் பலகாரம் சுடும் கடைக்காரன் தொட்டால் இறந்தவர் எழுந்துகொள்வார். எமர்சன் காட் என்ற தனியார் துப்பறிவாளர் அவனோடு கூட்டுச் சேர்ந்து, கொலையானவரையே எழுப்பி "உன்னைக் கொன்றது யார்?" என்று கேட்டுப் பரிசுப் பணம் வாங்கத் தொடங்குகிறார். இப்படிக் கேட்டுவிட்டால் மர்மமே முடிந்ததே என்று தோன்றும். விதிகளைப் பாருங்கள். மறுபடி தொட்டால் நிரந்தரச் சாவு. ஒரு நிமிடத்துக்குள் மறுபடி தொடாவிட்டால் பக்கத்தில் வேறொரு உயிர் போய்விடும். ஆக சாட்சிக்குக் கிடைப்பது ஒரே நிமிடம். அந்தச் சாட்சியோ முதுகில் குத்தப்பட்டவராக இருக்கலாம், முகமூடியை மட்டும் பார்த்தவராக இருக்கலாம், தான் செத்ததையே நம்பாமல் அந்த நிமிடத்தை வீணடிப்பவராக இருக்கலாம். இறந்தவர் வாக்குமூலத்தில் வழக்கு முடிவதில்லை, தொடங்குகிறது. அளவில்லாத சக்தியைக் கொடுத்துவிட்டு அதற்கு ஒரு கடிகாரத்தை மாட்டிய அழகு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொரு சின்னக் கேள்வி. ஏன் பெரும்பாலும் தனியார் துப்பறிவாளர்? போலீஸ் அதிகாரி நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆதாரத்தைத் தேட வேண்டும். "நிழல் சுவரில் இல்லை" என்று குற்றப்பத்திரிகையில் எழுத முடியாது. தனியாருக்கோ கட்சிக்காரரைத் திருப்திப்படுத்தினால் போதும். ஸ்டேஷனில் சிரித்துத் துரத்திவிடக்கூடிய வழக்கு அவர் வாசலுக்குத்தான் வரும். ஜிம் புட்சர் 2000-இல் தொடங்கிய நாவல் வரிசையில் வரும் மந்திரவாதித் துப்பறிவாளர் ஹாரி டிரஸ்டன், சிகாகோ தொலைபேசி விளம்பரப் புத்தகத்தில் 'மந்திரவாதி' என்ற தலைப்பின் கீழ் தன் பெயரைப் போட்டு வைத்திருப்பது இதனால்தான்.

## நாக்ஸ் தலையில் கைவைத்திருக்கக்கூடிய ஆள்

முறையே விசித்திரம் என்பதற்கு எல்லை எது என்று கேட்டால், டக்ளஸ் ஆடம்ஸ் 1987-இல் அறிமுகப்படுத்திய டர்க் ஜென்ட்லியைத்தான் காட்டுவேன். எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புள்ளவை என்பது இவர் கொள்கை. அதனால் கைரேகைக்கு அலைய மாட்டார். எதைப் பின்தொடர்ந்தாலும் கடைசியில் வழக்கில் கொண்டுபோய் விடும் என்பார். காணாமல்போன பூனையைத் தேடிப் பஹாமாஸ் தீவுக்குப் போனதாகக் கட்சிக்காரருக்கு பில் போடுவதும் இந்தக் கொள்கைப்படிதான். வழி தெரியாமல் போனால், எங்கே போகிறோம் என்று தெரிந்த மாதிரி ஓடும் ஏதாவது ஒரு காரின் பின்னால் போவார்.

நாக்ஸின் கணக்கில் இவர் இரட்டைக் குற்றவாளி. அமானுஷ்யமும் உண்டு, தற்செயலும் உண்டு. ஆனால் தடயத்தை வாசகர் முன் உடனே வைக்க வேண்டும் என்ற கட்டளையை மட்டும் இந்தக் கதைகள் காப்பாற்றுகின்றன. 2016-17-இல் வந்த பிபிசி அமெரிக்கா தொலைக்காட்சித் தொடரில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். இந்தப் பத்தியின் மிச்சமும் அடுத்த பத்தியும் முதல் சீசனின் முடிச்சை உடைக்கும். ஹோட்டல் பணியாள் டாட், முதல் எபிசோடிலேயே நடைவழியில் தன்னையே எதிரில் பார்க்கிறான். ரத்தக் கறை, மேலே ஃபர் கோட், பதற்றம். மேல்மாடி அறையில் ஒரு கோடீஸ்வரர் ஏதோ பெரிய மிருகம் குதறியது போல் இறந்து கிடக்கிறார். தன் சாவைத் துப்பறியச் சொல்லி டர்க்கை அவர் பல வாரங்களுக்கு முன்பே வேலைக்கு வைத்திருக்கிறார். ஒரு பூனைக்குட்டி வேறு சம்பந்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பார்க்கும்போது கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். பின்னால் கால இயந்திரம் தெரியவருகிறது, உயிர்களை உடல் மாற்றும் கருவி தெரியவருகிறது. அப்போது அந்த எதிரில் வந்த டாட், எதிர்காலத்திலிருந்து திரும்பி வந்தவன் என்று புரிகிறது. பூனைக்குட்டிக்குள் இருப்பது ஒரு சுறாவின் உயிர். முதல் எபிசோடில் வெறும் அபத்தமாகத் தெரிந்த ஒவ்வொன்றும் சொன்ன இடத்திலேயே கிடந்த தடயம். சம்பந்தமில்லாதவையாகத் தோன்றும் எல்லாமே சம்பந்தமுள்ளவை என்று டர்க் வாய் ஓயாமல் சொல்கிறாரே, அதுதான் இந்தத் தொடரின் உலக விதி. காது கொடுத்தவருக்கு அது நேர்மையான ஆட்டம்.

டர்க்கோடு டாட் ஏன் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும்? விதியை நம்பாத ஒருவர் கூட இருந்தால்தான் விதியை அடிக்கடி விளக்க ஒரு சாக்கு கிடைக்கும். வாட்சன் ஹோம்ஸுக்குச் செய்த அதே வேலை.

மறுபடி ஒரு சுருக்கம்: வித்தியாசமான துப்பறிவாளர் என்றால் வித்தியாசமான சான்றை நம்புபவர். அந்தச் சான்றுக்கு ஓர் எல்லை வேண்டும். அவர் பக்கத்தில் ஒரு சந்தேகப் பேர்வழி இருந்தால் நமக்கு நல்லது.

## தொடராக நீளும்போது

ஒற்றை நாவலில் விதியைக் காப்பாற்றுவது ஓரளவு சுலபம். தொடரில் கஷ்டம். பொதுவாக இரண்டு ஓட்டங்கள் இருக்கும்: அந்தந்த வழக்கு அந்தந்தக் கதையில் முடியும். அதற்கு அடியில், துப்பறிவாளரின் கடந்த காலமோ பெரிய சதியோ பல கதைகள் வழியாக நீளும். இந்த நீளும் கதையைச் 'சரடு' என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கதையில் சொன்ன விதி பத்தாவது கதையிலும் செல்லுபடியாக வேண்டும். புது விதி சேர்க்கலாம், பழையதை ரத்து செய்ய முடியாது. ரசிகர்கள் கையில் கணக்கு வைத்திருப்பார்கள். எழுத்தாளருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் சரடு தடிக்கும்போது. துப்பறிவாளர் உலகத்தையே காப்பாற்ற வேண்டிய ஆளாகிவிட்டால் அவருக்குச் சக்தி கூட்ட வேண்டியிருக்கும், சக்தி கூடினால் எல்லை கரையும், எல்லை கரைந்தால் துப்பறிய ஒன்றும் மிஞ்சாது. மேலே சொன்ன டர்க் ஜென்ட்லி தொடரே இரண்டாம் சீசனில் அறிவியல் புனைவிலிருந்து மாயலோகக் கதைக்குத் தாவியது. கற்பனை அபாரம். ஆனால் ஒரு சிறுவனின் கனவிலிருந்து எது வேண்டுமானாலும் பிறக்கலாம் என்றான பிறகு, முதல் சீசனில் யூகித்த மாதிரி என்னால் யூகிக்க முடியவில்லை. அதோடு தொடரையும் நிறுத்திவிட்டார்கள்.

இந்த வகைக்குப் புதியவர் எங்கே தொடங்கலாம்? புதிர்தான் முக்கியம் என்பவர் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' எடுக்கலாம். திரையில் பார்க்க விரும்புபவருக்கு 'புஷிங் டெய்சீஸ்' முதல் எபிசோட் போதும், மூன்று விதிகளையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். டர்க் ஜென்ட்லி பார்ப்பதென்றால் நடுவில் எங்கேயும் ஏறாதீர்கள், முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பாருங்கள். அந்தப் பூனைக்குட்டி மேல் ஒரு கண் இருக்கட்டும்.